குடும்பத்தோடு சிங்கப்பூர் வருவது: யார் முதலில், எப்போது?

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிறீர்கள். சிங்கப்பூரில் வேலை உறுதியாகி, மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கிறது. ஜூன் மாதம் சேர வேண்டும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகனுக்கு நான்கு வயது. எல்லாரும் ஒரே விமானத்தில் வந்துவிடலாமா, வீட்டை அங்கிருந்தே பேசி முடிக்கலாமா, எதையெல்லாம் மூட்டை கட்டுவது, பிறகு அம்மாவை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜூனில் நீங்கள் மட்டும் வாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் ஆகஸ்ட் கடைசி வாக்கில் வரட்டும். குடும்பம் வரும் தேதியை உங்கள் வேலை முடிவு செய்யக்கூடாது, மகளின் பள்ளிக்கூடம்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே வந்து திணறும் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: விசா, டிக்கெட், பெட்டி எல்லாம் சரியாக இருக்கும், பத்து வயதுப் பிள்ளை மட்டும் ஆறு மாதம் பள்ளி இல்லாமல் வாடகை வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்.

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பரில் முடிகிறது. ஜூனில் வந்து பக்கத்துப் பள்ளியில் அட்மிஷன் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் நடுவகுப்பில் சேர ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் மட்டும்தான். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் எழுதினால் அடுத்த ஜனவரியில் இடம் கிடைக்கும். தொடக்கநிலை 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 முதல் 3 வரைதான் இந்த வழி. தொடக்கநிலை 6இலும் உயர்நிலை 4இலும் சேர்க்க மாட்டார்கள். தேர்ச்சி பெற்றாலும் காலி இடம் இருக்கும் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள், அது வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. தேர்வுக்கான பதிவு ஜூலை வாக்கில் திறக்கும், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நீங்கள் வேலையில் சேர்ந்த களேபரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் ஓராண்டு போய்விடும். கல்வி அமைச்சின் இணையத்தளத்தை ஜூன் மாதமே பார்க்க ஆரம்பியுங்கள்.

உங்கள் மகளுக்கு இது இன்னும் நுணுக்கமான விஷயம். வயதுப்படி வரும் ஜனவரியில் அவள் தொடக்கநிலை 5க்குப் போக வேண்டியவள். அதற்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. உயர்நிலைப் பள்ளியைத் தீர்மானிக்கும் அந்தத் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகூட முழுதாகக் கிடைக்காது. நம்மூரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும் பிள்ளைகூட இங்குள்ள கணக்கைப் பார்த்ததும் ஒரு நிமிடம் திகைக்கும். இப்படி ஒன்று வரும்: "மெய் லிங்கைவிட அலியிடம் 24 அஞ்சல்தலைகள் அதிகம். அலி தன்னிடம் இருந்ததில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். இப்போது அவனிடம் மெய் லிங்கைவிட 6 குறைவு. முதலில் அலியிடம் எத்தனை இருந்தன?" விடை 60. நாம் எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுதுவோம். இங்குள்ள பிள்ளைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நீளமான கட்டங்கள் வரைந்து, எந்தத் துண்டு எதற்குச் சமம் என்று கண்ணால் பார்த்துப் போடுகிறார்கள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். உங்கள் மகளுக்கு அறிவு போதாதென்று அர்த்தமில்லை. பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். மே மாத விடுமுறையிலிருந்தே சிங்கப்பூர்க் கணக்குப் பயிற்சிப் புத்தகங்களைக் கையில் கொடுங்கள். மனைவி ஆசிரியை என்பது பெரிய பலம், அவர் உட்கார்ந்து சொல்லித்தந்தால் டியூஷன் மையம் தேவைப்படாமலே போகலாம்.

இரண்டாம் மொழியையும் இப்போதே யோசியுங்கள். பள்ளியில் தமிழ் படிக்கிறாள் என்றால் கவலையில்லை. தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்கலாம். சேரும் பள்ளியில் தமிழாசிரியர் இல்லாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்க ஏற்பாடு உண்டு. பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இதற்கென்றே பெயர் பெற்றது. ஊரில் தமிழுக்குப் பதில் இந்தி எடுத்திருந்தாலும் வழியில்லாமல் இல்லை: இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஐந்தையும் தமிழுக்குப் பதிலாக எடுக்க அனுமதிக்கிறார்கள். ஆனால் தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊருக்கு வந்து, வீட்டிலும் தமிழே பேசிக்கொண்டு, பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம் என்பது என் ஆசை. இப்போதே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கினால் போதும், மீதியை இங்குள்ள ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பள்ளி என்றதும் இலவசம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே இப்போது மாதம் 900 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) தாண்டுகிறது, ஆண்டுதோறும் ஏறுகிறது. உயர்நிலைக்கு இன்னும் அதிகம். இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று உறுதியாக இருந்தால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிதான் புத்திசாலித்தனம். நுழைவுத் தேர்வுச் சுமை இல்லை, ஊருக்குத் திரும்பும்போது வகுப்பும் மாறாது. அந்த முடிவுக்கு வந்தால் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு எல்லாரும் ஜூனிலேயே வரலாம். நான் மேலே சொன்ன ஏற்பாடு நீண்ட காலம் இருக்க நினைப்பவர்களுக்கு. மகனைப் பற்றி இப்போதைக்குப் பெரிய கவலை வேண்டாம். ஏழு வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை 1. அதற்கு முந்தைய ஆண்டு நடுப்பகுதியிலேயே விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். அதுவரை பாலர் பள்ளி, கட்டணக் கழிவு குடிமக்களுக்குத்தான்.

அடுத்தது காகிதங்கள். குடும்பத்துக்கு டிபி, அதாவது உங்களைச் சார்ந்திருப்பவர்கள் இங்கே தங்குவதற்கான பாஸ், எடுக்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். விண்ணப்பத்தை நிறுவனம்தான் போடும். திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அடிப்படை. நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்திருக்கும், பதிவு அலுவலகப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். பிள்ளையின் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், மருத்துவமனையில் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பார்கள். இன்ஷியல் இன்னொரு தலைவலி. மனைவியின் பட்டச் சான்றிதழில் அவர் அப்பாவின் எழுத்து, பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், ஆதாரில் இன்னொரு மாதிரி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று தெரியும், திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள், அல்லது இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள். திருச்சியில் ஓரிரு நாளில் முடிகிற வேலை இது. இங்கிருந்துகொண்டு ஊரில் ஒருவரைக் கெஞ்சி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

தடுப்பூசிப் பதிவும் அதே மாதிரி. வெளிநாட்டில் பிறந்த, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் இங்கே நீண்டகாலம் தங்க வேண்டுமானால் தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போட்டதற்குச் சான்று வேண்டும். 2019 பிப்ரவரி முதல் இருக்கும் விதி இது. அதை இணையத்தில் பதிவேற்றிச் சரிபார்த்த பிறகுதான் டிபி விண்ணப்பம் நகரும். ஊரில் தட்டம்மை முதல் ஊசி ஒன்பது மாதத்திலேயே போடுவார்கள், இங்கே 12, 15 மாதங்களில். ஆகவே எந்த ஊசி, எந்தத் தேதி என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பல வீடுகளில் இருக்கும் அட்டை மடங்கி, மஞ்சளாகி, டாக்டரின் கையெழுத்து மட்டும் ஒரு கோடாக இருக்கும். குழந்தை மருத்துவரிடம் போய் ஊசியின் பெயர், தேதி, முத்திரை எல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் புதிதாக எழுதி வாங்கிவிடுங்கள்.

பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், மனைவியின் அசல் பட்டங்கள், அனுபவச் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில் வரட்டும். பெட்டியில் போடாதீர்கள்.

இனி வீடு. அங்கிருந்தே பேசி முடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். படத்தில் பளபளக்கும் வீடு, சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்பினால் பிடித்து வைக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு முகவர். இந்த வலையில் பணத்தை விட்டவர்கள் படித்த, விவரமான ஆட்கள்தான். சொத்து முகவர்களுக்குச் சிஇஏ என்ற அமைப்பின் பதிவேடு இருக்கிறது, பதிவெண் ஆர் எழுத்தில் தொடங்கும். அந்தப் பதிவேட்டில் இருக்கும் கைப்பேசி எண்ணும் உங்களோடு பேசும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வீவக, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது இங்குள்ள விதி. கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதல் சில வாரங்களுக்கு எங்கே தங்குவது? அறை ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். வீவக வீட்டில் அறை எடுத்தாலும் வீடு எடுத்தாலும் குறைந்தது ஆறு மாதம். தனியார் வீடுகளுக்கு மூன்று மாதம். அதற்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம், இணையத்தில் யாராவது வாரக் கணக்கில் அறை தருகிறேன் என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு மாதத் தற்காலிகத் தங்குமிடத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். சேரும் முன்பே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், சேர்ந்த பிறகு கேட்டால் சங்கடப்படுவார்கள். அந்த ஒரு மாதத்தில் நேரில் பார்த்துக் குடும்பத்துக்கான வீட்டையே எடுத்துவிடுங்கள். சில வாரம் நீங்கள் தனியாக மூன்று படுக்கையறைக்கு வாடகை கட்டுவது கண்ணை உறுத்தும். நான்கு பேர் ஹோட்டல் அறையில் சமைக்க வழியின்றி, தினம் வெளிச் சாப்பாட்டோடு வீடு தேடி அலைவதைவிட அது மலிவு.

இங்கே "நான்கறை வீடு" என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். உங்கள் குடும்பத்துக்கு அது சரியாக இருக்கும். வாடகை வட்டாரத்தைப் பொறுத்து மாதம் 3,000 வெள்ளி வாக்கில் தொடங்கி மேலே போகும். உட்லண்ட்ஸ், ஈசூன், செங்காங், ஜூரோங் வெஸ்ட் பக்கம் கொஞ்சம் இறங்கும். அலுவலகத்துக்கு ஒரே ரயிலில் போக முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள், தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மாதம் 3,200 வெள்ளிக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 3,200. வழக்கமாகக் கேட்கும் இரண்டு மாத முன்பணம் 6,400. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, ஏறக்குறைய 307 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் வாடகைக்கு இருப்பவர் கட்ட வேண்டும். சம்பளம் ஒரு காசு வருமுன் 10,000 வெள்ளி தயாராக இருக்க வேண்டும் என்று ஆகிறது. முகவர் கட்டணம் வந்தால் இன்னும் கூடும். இதை ஊரிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுவந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் தேடுங்கள். வேலை போனாலோ மாற்றலானாலோ இடையில் வெளியேறலாம் என்ற டிப்ளமேட்டிக் கிளாஸ் ஒன்று. வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத முன்னறிவிப்போடு, ஆக 14 மாதம். இன்னொன்று சிறு பழுதுபார்ப்புகளுக்கு எந்தத் தொகை வரை நீங்கள் பொறுப்பு என்பது. வீட்டுக்காரரிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில், வெளிநாட்டவர் ஒதுக்கீடு மீதம் இருக்கிறதா? மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடுவதில் புளோக்குக்கு 11 விழுக்காடு, வட்டாரத்துக்கு 8 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும் உங்களுக்குத் தர முடியாது.

இந்தியக் குடும்பம் என்றதும் சமையல் வாடை என்று சிலர் தயங்குவார்கள். சிலர் பேசாமலே நழுவுவார்கள். மனது வலிக்கும், எனக்கும் வலித்திருக்கிறது. அதற்காகச் சமைக்க மாட்டோம் என்று பொய் சொல்லி வீடு எடுக்காதீர்கள். தினமும் சமைப்போம், சுத்தமாக வைத்திருப்போம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சம்மதிக்கிற வீட்டில் இரண்டு ஆண்டு நிம்மதியாக இருக்கலாம்.

சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஏர்கானையும் அரை மணி நேரம் ஓடவிட்டுக் கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, தொட்டிக்கு அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சமையலறை அலமாரிக் கதவின் கீல், தரை ஓட்டில் உள்ள கீறல், சுவரில் பழைய ஆணி ஓட்டை, மெத்தையில் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போகும்போது உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தான். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் எஸ்பி நிறுவனத்தில் ஒரே கணக்கு. கனமான இரும்புக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று இருக்கும், அது பதுங்கறை. பலர் அதில் சாமி படம் வைத்துக்கொள்கிறார்கள். வைக்கலாம், சுவரில் துளை போடாதீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு விளக்கேற்றாதீர்கள். தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கும் நம் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும். தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டை கண்டால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் அபராதம் போடுவார்கள், துளசித் தொட்டியின் அடித்தட்டு உட்பட.

மூட்டை கட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசி, பருப்பு, புளி, முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் கிடைக்கும், அடுத்த தெருக் கடையிலும் பாதி கிடைக்கும். மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாம், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக் மட்டும் சதுரக் கால் மூன்று உள்ளது. கசகசா வேண்டாம், அதில் மார்ஃபின் எச்சம் இருக்கலாம், இங்குள்ள போதைப்பொருள் சட்டம் கடுமையானது. சூயிங் கம், புகையிலை, மின்சிகரெட், இறைச்சி எதுவும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன் அனுமதி தேவைப்படும். வழக்கமான மருந்துகளை மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். மனைவியின் நகைகளை எடுத்துவருவதானால் திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது "இது எங்கள் நகைதான்" என்று நிரூபிக்க அது கைகொடுக்கும். கப்பலில் சாமான் அனுப்பினால், மூன்று மாதமாவது நீங்கள் பயன்படுத்திய பொருளாகவும் நீங்கள் வந்த ஆறு மாதத்துக்குள் வந்து சேர்வதாகவும் இருந்தால் பொருள் சேவை வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். விலக்கு இல்லாவிட்டால் 9 விழுக்காடு.

பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கொரு எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். காசு கேட்கும் தளம் போலி. ஒப்புதல் கடிதத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருகைக்கு அதுவே விசா. டிபி கடிதத்தில் குறித்திருக்கும் கடைசித் தேதிக்குள் குடும்பம் வந்து பாஸ் எடுத்துவிட வேண்டும். நான் சொல்லும் இரண்டு கட்டத் திட்டத்தில் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய தேதி அது. திருச்சியிலிருந்து விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே. நள்ளிரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் காலை எட்டு வாக்கில் இறங்குவார்கள். வீடு தயாராக இருப்பதால் அந்த நேரம் வசதிதான், பிள்ளைகள் நேராக வந்து படுத்துவிடலாம். சாங்கியிலிருந்து வரும்போது டாக்சி வரிசைக்கே போங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குக் கிராப் போன்ற தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டிகள் அதிகமென்றால் பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

வந்த முதல் வாரம் மனிதவள அமைச்சில் கைரேகை, படம். அட்டை சில நாளில் வரும். அதில் இருக்கும் அடையாள எண்ணை வைத்து சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு, பிறகு வங்கிக் கணக்கு, கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ், கைப்பேசித் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முடியும். மனைவிக்கும் தனி சிங்பாஸ், தனி வங்கிக் கணக்கு கட்டாயம் எடுத்துக் கொடுங்கள்.

இங்கே நிறுத்தி அவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டிபியில் வருபவர் வேலை பார்க்க முடியாது. 2021 மே மாதத்துக்கு முன்பு அமைச்சின் இசைவுக் கடிதம் ஒன்றை வாங்கி எளிதாக வேலையில் சேர முடிந்தது. இப்போது அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். இபி, அதாவது உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200, வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு 2023இல் வந்த காம்பஸ் புள்ளி முறை வேறு. அனுமதி இல்லாமல் வீட்டில் டியூஷன் எடுப்பதும் சமையல் ஆர்டர் பிடிப்பதும்கூட வேலைதான், மாட்டினால் உங்கள் பாஸுக்கும் ஆபத்து. ஊரில் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஒருவர், இங்கே முதல் மாதம் பகல் முழுக்கப் பேச ஆளின்றி இருப்பார். நீங்கள் இரவு எட்டு மணிக்கு வந்து "என்ன குறை உனக்கு, எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். புறப்படும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: ஓராண்டு ஓய்வா, மேற்படிப்பா, வேலைக்கு முயற்சியா? பணியை ராஜினாமா செய்யாமல் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அவர் ஆகஸ்ட் வரை அங்கே இருப்பதில் இந்த நன்மையும் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை, ஆள் மாற்ற நிர்வாகத்துக்கும் நேரம் கிடைக்கும்.

வந்த பிறகு அவரைத் தேக்காவோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தகப் பகுதி இருக்கும், வாசகர் கூட்டங்கள் நடக்கும். ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா. 1935இல் தொடங்கிய தமிழ் முரசில் எல்லா நிகழ்ச்சி விவரமும் வரும், வானொலியில் ஒலி 96.8 இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களோடு பழகுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அவர்கள் தமிழில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருக்கும், அதைத் திருத்தப் போகாதீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இலிருந்து இருக்கிறது. நாம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் தமிழை நிலைநிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மின்தூக்கியில் பார்க்கும் மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டு ஒரு வணக்கம் வையுங்கள், அதிலிருந்தே பழக்கம் தொடங்கும்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாஸில்தான் மூன்று பேரின் பாஸும் தொங்குகிறது. வேலை போய் பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்க விடுவார்கள், அதற்குள் வேறு வேலை, இல்லையேல் விமானம். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி கிடையாது. பாலிகிளினிக் என்னும் அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலும் மானியம் கிடையாது, குடும்பத்துக்கும் சேர்த்து நிறுவனம் காப்புறுதி தருகிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை முதல் ஆண்டிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு ஊரில் மனை வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். பையன் இருக்கிறான் என்பதால் இன்னொன்று: பின்னாளில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவனையும் சேர்த்தால் அவனுக்கு வயது வந்ததும் ராணுவம், காவல் போன்ற படைகளில் இரண்டு ஆண்டு கட்டாய தேசிய சேவைக் கடமை வரும். நல்ல அனுபவம் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு, வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. தெரிந்து முடிவெடுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பெற்றோருக்கு நீண்டகாலப் பாஸ் எடுக்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளி இருக்க வேண்டும். அது வரும்வரை வருகை விசாதான், வழக்கமாக ஒரு மாதம் வரை தங்கலாம், நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவர் வந்து போகும் செலவோடு பயணக் காப்புறுதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே மருத்துவமனையில் ஓர் இரவுக் கட்டணம் ஊரில் ஒரு மாதச் செலவை விழுங்கிவிடும். முதல் முறையாக மகளின் தேர்வு முடிந்த பிறகு, தீபாவளியை ஒட்டி அழைத்து வாருங்கள். அதற்குள் வீடு வீடாகியிருக்கும், அவரை அழைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போகும் வழி உங்கள் மனைவிக்கே பழகியிருக்கும்.